தந்தையை இழந்த குழந்தை காப்பகத்துக்குத்தான் செல்ல வேண்டுமா? நிதி ஆதரவுத் திட்டம் சொல்வது என்ன?

குடும்பத்தில் சம்பாதித்தவர் இறந்துவிடுகிறார். தாய் கூலி வேலைக்குச் செல்கிறார். மூத்த குழந்தையின் படிப்பு நிற்கிறது. நகரத்தில் இலவசமாக உணவும் கல்வியும் தரும் இல்லம் ஒன்று இருப்பதாக யாரோ சொல்ல, குழந்தை அங்கு அனுப்பப்படுகிறது. பெற்றோரில் ஒருவர் உயிருடன் இருந்தும் காப்பகத்தில் வளரும் குழந்தைகள் பலரின் கதை இதுதான். அவர்களை வீட்டிலிருந்து பிரித்தது வறுமை மட்டுமே.

சிறார் நீதிச் சட்டம், 2015 இதை ஏற்கவில்லை. காப்பகத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று. குழந்தை சொந்த வீட்டிலேயே வளர்வதற்காக, ஸ்பான்சர்ஷிப் எனப்படும் நிதி ஆதரவுக்கு 45-வது பிரிவு வழி செய்கிறது.

மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின்படி, தகுதியுள்ள குழந்தை ஒன்றுக்கு மாதம் ரூ.4,000 வழங்கப்படுகிறது. முன்பு இது ரூ.2,000 ஆக இருந்தது. தாய் விதவையாகவோ, விவாகரத்து பெற்றவராகவோ, குடும்பத்தால் கைவிடப்பட்டவராகவோ இருக்கும் குழந்தைகள், உறவினர் வீட்டில் வளரும் ஆதரவற்ற குழந்தைகள், உயிருக்கு ஆபத்தான நோயால் பாதிக்கப்பட்ட அல்லது விபத்தில் முடங்கிய பெற்றோரின் குழந்தைகள் ஆகியோர் இதைப் பெறலாம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஊரகப் பகுதியில் ரூ.72,000, பிற பகுதிகளில் ரூ.96,000-க்கு மிகாமல் இருக்க வேண்டும். ஏற்கெனவே காப்பகத்தில் இருக்கும் குழந்தையை மீண்டும் குடும்பத்துடன் சேர்த்து வைப்பதற்கும் இந்த உதவி உண்டு. பலர் அறியாத அம்சம் இது.

பள்ளி செல்லும் குழந்தை 30 நாள்களுக்கு மேல் வகுப்புக்கு வராவிட்டால், உதவி மறுபரிசீலனை செய்யப்பட்டு நிறுத்தி வைக்கப்படலாம். சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கு விலக்கு உண்டு. ஆனால், செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பருவந்தோறும் இடம்பெயரும் குடும்பங்களுக்கு இந்த நிபந்தனை கடினமானது. உதவி அதிகம் தேவைப்படும் வீடுகளும் பெரும்பாலும் அவையே.

அரசுப் பணம் மட்டுமே வழி என்பதில்லை. தனிநபர்களும் நிறுவனங்களும் குழந்தைகளுக்கு நிதி ஆதரவு அளிப்பதற்கும் வழிகாட்டுதல்களில் இடம் உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகினால் விவரம் பெறலாம்.

தொண்டு நிறுவனங்கள் வழியாகக் குழந்தைகளைத் தத்தெடுக்காமல் ஆதரிக்கும் முறை பழையது. அது பலன் தருகிறதா என்பதை, இந்தியா உள்ளிட்ட 6 நாடுகளில் கம்பேஷன் இன்டர்நேஷனல் அமைப்பின் உதவி பெற்று வளர்ந்தவர்களிடம் ஆய்வாளர்கள் சோதித்தனர். உதவி பெற்றவர்கள் சராசரியாக ஓராண்டுக்கும் மேல் கூடுதலாகப் பள்ளியில் படித்திருந்தனர் என்ற அந்த ஆய்வின் முடிவு 2013-இல் வெளியானது.

அதே அமைப்பு 2017 மார்ச்சில் இந்தியாவில் பணியை நிறுத்தியது. வெளிநாட்டு நிதிக்கு முன் அனுமதி பெற வேண்டும் என அரசு நிபந்தனை விதித்ததே காரணம். அப்போது சுமார் 1.45 லட்சம் குழந்தைகள் அதன் ஆதரவில் இருந்தனர். அரசின் முடிவு சரியா, தவறா என்பது தனி விவாதம். ஒரே ஊற்றிலிருந்து வரும் உதவி நின்றால், முதலில் பாதிக்கப்படுவது குழந்தையின் கல்விக் கட்டணமும் மதிய உணவுமே. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2020-இல் மேலும் இறுக்கப்பட்டது. நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. உள்நாட்டு நன்கொடையாளர்களின் பங்கு இதனால் முன்பைவிட முக்கியமாகியுள்ளது.

நன்கொடை அளிப்போர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. குழந்தைகள் இல்லம் நடத்துவோர் சிறார் நீதிச் சட்டத்தின் 41-வது பிரிவின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவின்றி நடத்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது ரூ.1 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்ப்பது நன்கொடையாளரின் உரிமை. அதற்குத் தயங்கத் தேவையில்லை. ரூ.2,000-க்கு மேற்பட்ட நன்கொடையை ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கழிவு கிடைக்காது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது.

அழும் குழந்தையின் முகம், பெயர், ஊர் அனைத்தையும் காட்டிப் பணம் கேட்கும் சமூக ஊடக விளம்பரங்களை எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். இன்று நிதி திரட்ட உதவும் அந்தப் படம், அக்குழந்தை வளர்ந்து வேலை தேடும் நாளிலும் இணையத்தில் இருக்கும்.

படிப்பை நிறுத்திய அல்லது காப்பகத்துக்கு அனுப்பப்படவிருக்கும் குழந்தை குறித்து 1098 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் யார் வேண்டுமானாலும் தகவல் தெரிவிக்கலாம். நிதி ஆதரவு கோரும் குடும்பங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ, குழந்தைகள் நலக் குழுவிலோ விண்ணப்பிக்கலாம்.