குருதிப் புற்றுநோயும் இன்ரபெரோனும்

உடலிற் புகும் பகையை அழித்தற்கென இயற்கை அமைத்த காவலரே வெண்குருதிக் கலங்கள். அக்காவலரைத் தோற்றுவிக்கும் மூலக்கலம் என்பு மச்சையிலே கெட்டுக் கட்டின்றிப் பெருகுமேல், அந்நிலை குருதிப் புற்றுநோயாம். ஏனைய காவலர் அதனைத் தடுக்காதிருப்பது ஏன்? கிருமி புறத்திருந்து வருவது; அதன் வேற்றுமை எளிதிற் புலனாகும். புற்றுக்கலமோ நம்முடம்பிற் பிறந்தது. அதனைப் பகையென அறிவதே அரிது.

1957ஆம் ஆண்டில் இலண்டனில் அலிக் ஐசக்சு, சான் லின்டன்மன் என்னும் அறிஞர் இருவர் கோழிக்கருவின் மென்சவ்வை, வெப்பத்தால் வலியிழந்த இன்புளுவென்சா வைரசோடு சேர்த்து வைத்தனர். சவ்வு ஒரு பொருளைச் சுரந்தது. அப்பொருள் பட்ட வேறு சவ்வுகளில் வைரசு பெருகவில்லை. அதுவே இன்ரபெரோன். தொடக்கத்தில் அதனை மனிதக் குருதியிலிருந்தே சிறிது சிறிதாகப் பிரித்தெடுத்தனர். 1980இல் அதன் பரம்பரையலகைப் பற்றீரியாவிற் புகுத்திய பின்னரே அது வேண்டுமளவு கிடைத்தது.

நாட்பட்ட மைலோயிட்டுக் குருதிப் புற்றுநோயில் ஒன்பதாம், இருபத்திரண்டாம் நிறமூர்த்தங்கள் தம்முட் சில பகுதிகளை மாற்றிக்கொள்கின்றன. 1980களில் ஊசிவழி இன்ரபெரோன் பெற்ற நோயாளர் சிலரது மச்சையில் இக்குறைபாடுடைய நிறமூர்த்தம் அறவே மறைந்தது. இது நிகழ்ந்த வகை யாது?

கடைக்காரன் தன் சரக்கிற் சிலவற்றை முகப்பிலே தொங்கவிடுதல் போல, ஒவ்வொரு கலமும் தன் புரதத் துண்டுகளை மேற்பரப்பிலே தாங்கிக் காட்டும். இன்ரபெரோன் அத்தாங்கிகளைப் பெருக்குகின்றது. ரி-கலங்கள் துண்டைக் கண்டு கள்ளனை இனங்காண்கின்றன. முகப்பை முற்றாக மூடிவிட்டால் தப்பலாமே எனின், தப்ப இயலாது. தாங்கியில்லாக் கலத்தைக் கொல்லவே இயற்கைக் கொல்கலங்கள் என்னும் வேறு காவலர் உளர். இன்ரபெரோன் அவரையும் ஊக்குகின்றது. அன்றியும், புற்றுக்கலத்தின் பெருக்கத்தையும் அது நேரே தாழ்த்தும். புரோத்தினேசு-3 என்னும் புரதத்தின் துண்டொன்றை அறியும் ரி-கலங்கள், இன்ரபெரோனாற் பயன்பெற்றோர் பலரது குருதியிற் காணப்பட்டமை 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உடலும் போரிட்டது என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

ஆயின் காய்ச்சல், சோர்வு, மனத்தளர்ச்சி எனத் துன்பம் மிகுதி. 2001இல் இமற்றினிப்பு என்னும் குளிசை வரவே மருத்துவர் ஊசியைக் கைவிட்டனர். அதனாற் பிழைத்தோர் பலர். எனினும், ஈராண்டு நோய்க்குறியே காணப்படாதிருந்தவர்கள் அக்குளிசையை நிறுத்தியபோது, பாதிக்கு மேற்பட்டோரில் நோய் மீண்டதெனப் பிரான்சிய ஆய்வொன்று 2010இற் காட்டியது. பெருகும் கலத்தையே குளிசை நன்கு தாக்கும். உறங்கும் மூலக்கலம் எஞ்சிவிடும். எலிகளில் உறங்கும் குருதி மூலக்கலங்களை இன்ரபெரோன் எழுப்புமென 2009இல் அறியப்பட்டமையால், இவ்விரண்டையும் இணைத்துக் கொடுக்கும் முயற்சிகள் எழுந்துள்ளன.