பல் செட் கூடத்தில் படிக்கும் பிள்ளைக்கு



உங்கள் மகனோ மகளோ டென்டல் மெக்கானிக் படிப்பில் சேர்ந்திருக்கலாம். கல்யாணத்துக்குப் பிறகு படிக்கும் மருமகளாகவும் இருக்கலாம். "உட்கார்ந்து பல் செட் செய்வதில் என்ன ஆபத்து?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆபத்து தூசியில் இருக்கிறது.

உலோகப் பல் வார்க்கும் அச்சு மாவில் சிலிக்கா என்னும் மணல் சத்து உண்டு. வார்த்தபின் அச்சை உடைக்கும்போது கிளம்பும் நுண்தூசி நுரையீரலில் போய்த் தங்கிவிடும். இருமலும் மூச்சிரைப்பும் பல வருஷம் கழித்தே தெரியும். அப்போது நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. "கைக்குட்டை கட்டிக்கிறேனே" என்பார்கள் பிள்ளைகள். அது போதாது. நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி வேண்டும், தூசி உறிஞ்சும் கருவி ஓட வேண்டும், அச்சை நனைத்துத்தான் உடைக்கணும். தரையையும் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கணும்.

பல் செட் பொடியைக் குழைக்கும் திரவம் சட்டென்று தீப்பிடிக்கும். மெழுகு உருக்கும் விளக்கருகே வைக்கக் கூடாது. சுழலும் கருவி முன் துப்பட்டா, தொங்கும் பின்னல், வளையல் ஆகாது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அவசியம்.

நோயாளி வாயில் அளவெடுத்த அச்சைக் கழுவி, கிருமிநாசினியில் போட்ட பிறகே வேலை தொடங்கணும். ஹெபடைடிஸ் பி காமாலைக்குத் தடுப்பூசி 3 தவணை: இன்று ஒன்று, 1 மாதத்தில் ஒன்று, முதல் ஊசியிலிருந்து 6 மாதத்தில் ஒன்று. படிப்பு தொடங்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

வேலைக் கோட்டை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். அந்தக் கோட்டோடு கைக்குழந்தையைத் தூக்கவும் வேண்டாம். மருமகள் கர்ப்பமானால் ஆசிரியரிடம் உடனே சொல்லட்டும், கூச்சம் வேண்டாம்.