லயத்து வாசலில் ஒரு பாத்தி

தோட்டப் பாட்டாளிகளின் வீட்டுக் காய்கறித் தோட்டத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். "என்ன சார், விடியற்காலையிலிருந்து மரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறோம், வீட்டுக்கு வந்தும் மண்ணைக் கொத்தச் சொல்கிறீர்களே!" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். முதலில் அதற்கே விடை சொல்லிவிடுகிறேன்.

பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் நாம் தொடுகின்ற மரம் நம்முடையது அன்று. எத்தனை மரம் வெட்டினாய், எத்தனை குலை இறக்கினாய் என்று கணக்கெழுத ஒருவர் நிற்கிறார். பாலை நிறுக்கிறார்கள், குலையை எண்ணுகிறார்கள். வாசலில் வளரும் வெண்டைச் செடிக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் வாடும். மறுநாள் ஊற்றினால் நிமிர்ந்துகொள்ளும். அதை யாரும் கிராணியாரிடம் போய்ச் சொல்வதில்லை. நம் விருப்பப்படி, நம் வேகத்தில் செய்கின்ற வேலை நாளில் அரைமணி நேரமாவது இருப்பது மனத்துக்கு எவ்வளவு தெம்பு என்பதை, பிரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்துப் பழகியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பச்சையைப் பார்த்தால் நோயாளிக்கு நல்லது என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. அமெரிக்காவில் ரோஜர் அல்ரிக் என்ற ஆய்வாளர் இதைக் கணக்கெடுத்தே பார்த்தார். பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளைப் புரட்டி, சன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் படுத்திருந்த 23 பேரையும், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த அறையில் இருந்த 23 பேரையும் ஒப்பிட்டார். மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சராசரியாக 8 நாளுக்குள் வீடு திரும்பினர், மற்றவர்களுக்கு 8.7 நாளாயிற்று. கடுமையான வலிமருந்தும் முன்னவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984-ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' இதழில் இது வெளியாயிற்று. 46 பேர் என்பது சிறு கூட்டந்தான். ஆகவே செடி வைத்தால் சீக்கெல்லாம் போய்விடும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டு இலைச்சாறு குடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது வேறு ஆபத்து. தூக்கமும் சாப்பாடும் பிடிக்காமல் வாரக்கணக்கில் இருப்பவரை அரசாங்கக் கிளினிக்குக்குத்தான் அழைத்துப் போக வேண்டும்.

ஆனால் கிளினிக்கால் தர முடியாத ஒன்றும் உண்டு. நான் பணியாற்றிய தோட்டமொன்றில், கணவரைப் பறிகொடுத்த ஓர் அம்மா இருந்தார். கருமாதி முடிந்து உறவினர் ஊர் திரும்பிய பிறகு, வேலைக்குப் போவார், வருவார், கதவைச் சாத்திக்கொள்வார். பக்கத்து வீட்டுப் பாட்டி ஆறுதல் வார்த்தை எதுவும் பேசவில்லை. ஒரு கைப்பிடி பொன்னாங்கண்ணித் தண்டைக் கொடுத்து, "எங்க வாசல்ல இடமில்ல ஆத்தா, உன் வாசல்ல ஊனி வை. நான் வந்து கிள்ளிக்கிறேன்" என்றார். இடமில்லை என்பது சுத்தப் பொய். தண்டு ஒரு வாரத்தில் துளிர்த்தது. கீரையைப் பார்க்கிற சாக்கில் பாட்டி நாள்தோறும் வந்து அவரையும் பார்த்துவிட்டுப் போனார். மூன்று மாதம் கழித்து அந்த வாசலில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த அம்மாவின் துக்கம் தீர்ந்ததா என்று நான் கேட்டதில்லை. கதவு திறந்திருந்தது.

அந்தப் பாட்டி மாமரக் கன்றைக் கொடுக்காமல் பொன்னாங்கண்ணியைக் கொடுத்ததில் விவரம் இருக்கிறது. மனம் சோர்ந்தவருக்குச் சீக்கிரம் பலன் தெரிய வேண்டும். தண்டுக்கீரை விதை நாலைந்து நாளில் முளைக்கும். ஒரு மாதத்துக்குள் பறிக்கலாம். வெண்டைக்கு ஏறக்குறைய 50 நாள் பொறுக்க வேண்டும். முருங்கையும் கறிவேப்பிலையும் பிறகு வரட்டும்.

பாத்தி கட்டுவதில் ஒரு செய்தி. நம் முன்னோரில் பலர் தமிழ்நாட்டின் வறண்ட சீமைகளிலிருந்து வந்தவர்கள். அங்கே தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும் என்பதற்காகப் பாத்தியைப் பள்ளமாக்கி வரப்புக் கட்டுவார்கள். இங்கே மழைக்குப் பஞ்சமில்லை. பள்ளப் பாத்தி போட்டால் வேர் அழுகிவிடும். அரையடி முதல் முக்காலடி வரை மேட்டுப் பாத்தியாகப் போட்டு, பக்கத்தில் கால்வாய் வெட்டுங்கள். முருங்கைப் போத்தையும் மேட்டில்தான் நட வேண்டும். அப்படியும் மழை மிகுந்த இடத்தில் காய் குறைவாகத்தான் இருக்கும், கீரைக்குக் குறைவிராது. மாட்டுச் சாணத்தைப் பச்சையாகப் போடாமல், மக்க வைத்துப் போடுங்கள்.

ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி கிடைக்காமல் தோட்டங்களில் மரவள்ளிக் கிழங்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும்தான் உயிர்காத்தன. 1974-இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் தொடங்கிய பச்சைப் புத்தகத் திட்டமும் வீட்டைச் சுற்றிப் பயிரிடச் சொன்னது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபோது, வீட்டோடு சேர்த்து அந்தக் கொல்லைகளையும் நம்மவர்கள் இழந்தார்கள். கணக்கில் வராத நட்டம் அது.

இனி, தகராறு. ஒருவர் வீட்டு ஆடு இன்னொருவர் வீட்டுப் பயற்றங்கொடியை மேய்ந்துவிட்டால், தலைமுறைச் சண்டையெல்லாம் வெளியே வரும். வேலியை ஆளுக்கொரு பக்கம் தனித்தனியே போடாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்தார் எல்லாரும் கூடி கோத்தோங் ரோயோங்காக ஒரே வேலியாய்ப் போட்டுவிடுங்கள். செலவும் குறையும், பேச்சுவார்த்தையும் நிற்காது. ஆட்டுக்காரரையே வேலிக்குப் பொறுப்பாக்கினால் இன்னும் நல்லது!

மருந்தடிக்கும் பெண்களுக்கு முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். களைக்கொல்லி வந்த காலித் தோம்பைக் கழுவிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற எடுத்துவரும் வழக்கம் உண்டு. வேண்டவே வேண்டாம். பாராகுவாட் மருந்தை 2020-ஆம் ஆண்டில் நம் நாடு தடை செய்துவிட்டது. என்றாலும் மற்ற மருந்துகளும் நஞ்சுதான். எத்தனை முறை கழுவினாலும் அந்தத் தோம்பு வீட்டுப் புழக்கத்துக்கு ஆகாது. மழைநீர் பிடிக்கும் தொட்டிக்கும் மூடி போடுங்கள். திறந்து கிடக்கும் நல்ல தண்ணீரில்தான் டிங்கிக் கொசு முட்டையிடுகிறது.

தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டவர்களுக்கு வாசலும் இல்லை, மண்ணும் இல்லை. பெரிய மைலோ டின்னின் அடியில் நாலைந்து துளை போட்டு, மண்ணும் மக்கிய உரமும் கலந்து நிரப்பினால் பச்சை மிளகாய் நன்றாக வரும். வெயில் படும் பக்கமாக வையுங்கள். டின் துருப்பிடிக்கும் வரை இரண்டு முறை விதை போடலாம். முதல் விதைக்குக் கடையில் காசு கொடுக்க வேண்டியதில்லை. பழுத்துச் சிவந்த மிளகாயைக் காய வைத்து உதிர்த்தாலே போதும். மிச்சமான விதையை ஒரு காகிதத்தில் மடித்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.