கத்தியின் கூர்மையை நிறுக்க முடியுமா?



நம் கடையில் அரிசியை நிறுக்கிறோம், எண்ணெயை அளக்கிறோம், தேங்காயை எண்ணிக் கொடுக்கிறோம். தராசுக்கும் படிக்கல்லுக்கும் அரசு முத்திரை உண்டு. ஆனால் அதே கடையில் தொங்கும் கத்தியை மட்டும் "நல்ல கூர்மை, நம்பி வாங்குங்க" என்ற வாய்ச்சொல்லை வைத்தே விற்கிறோம். கூர்மைக்கு அளவு கிடையாதா? உண்டு. அதைச் சிறு கடைக்காரரும் சோதித்துப் பார்க்கலாம்.

எங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர் உற்பத்தியாளர் ஒருவரின் பிரதிநிதி வந்து, காகிதத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறு கையிலிருந்த கத்தியால் சர்ரென்று அறுத்துக் காட்டினார். நாங்களும் மயங்கி இருபது டஜன் எடுத்தோம். சில்லறைக் கடைகளுக்கு அனுப்பிய பத்து நாளில் சரக்கு திரும்பி வரத் தொடங்கியது. மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வெட்டிக் கொடுக்கும் அம்மா ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். "அண்ணாச்சி, நாலு சீலா அறுக்கிறதுக்குள்ள மழுங்கிப் போச்சு. இத வச்சு நான் எப்படிப் பொழைக்கிறது?" என்று கேட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பணம் போனது பெரிதல்ல. எங்கள் சொல்லை நம்பி வாங்கிய சில்லறை வியாபாரிகளின் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருந்தது. அதன் பிறகே இந்த விஷயத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டோம்.

கூர்மை என்றால் என்ன?

கத்தியின் இரண்டு சரிவுகளும் சேரும் இடமே விளிம்பு. எவ்வளவு தீட்டினாலும் அந்த விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஓர் உருட்சி இருக்கும். உருட்சி குறையக் குறையக் கூர்மை கூடும். வியாபாரி கணக்கில் சொன்னால், ஒரே பொருளை வெட்டத் தொடங்குவதற்கு எந்தக் கத்திக்குக் குறைந்த அழுத்தம் போதுமோ, அதுவே கூர்மையான கத்தி.

சரிவின் கோணம் வேறு விஷயம். காய்க்கும் மீனுக்கும் ஒல்லியான விளிம்பு வேண்டும். எலும்பு வெட்டும் கத்திக்குத் தடித்த விளிம்பு வேண்டும். அதையும் ஒல்லியாகத் தீட்டினால் விளிம்பு சில்லு சில்லாகப் பெயர்ந்துவிடும்.

மூன்றாவது விஷயம், கூர்மை நிலைத்து நிற்பது. இது இரும்பின் தரத்தையும் அதைப் பதப்படுத்திய விதத்தையும் பொறுத்தது. தீட்டிய பின் விளிம்பில் தங்கும் மெல்லிய பிசிறு முதல் நாள் காகிதத்தை அழகாக அறுக்கும், மறுநாள் மடங்கிவிடும். எங்களை ஏமாற்றியது இந்தப் பிசிறுதான்.

உலகத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ.வும் கூர்மை, நிலைப்பு இரண்டையும் தனித்தனியாகவே சோதிக்கச் சொல்கிறது. 2004-இல் வெளியான 8442-5 என்ற தர விதியின்படி, மணல் துகள் கலந்த அட்டைக் கட்டை ஏறத்தாழ 5 கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தில் கத்தி விளிம்பின்மேல் வைத்து, இயந்திரம் 60 முறை முன்னும் பின்னும் அறுக்கும். முதல் 3 முறையில் அறுபட்ட ஆழம் தொடக்கக் கூர்மை. 60 முறையிலும் அறுபட்ட மொத்த ஆழம், கூர்மை எவ்வளவு நிற்கிறது என்பதைக் காட்டும்.

கூர்மையின் அருமை நம் தூத்துக்குடிக்குப் புதிதல்ல. 1973-இல் இங்கு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் வளர்ப்பு முத்து விளைவித்துக் காட்டினார்களே, அதற்கும் சிப்பியின் சதையில் சிறு கீறல் போட்டுத்தான் உள்ளே மணியை வைக்க வேண்டும். கருவி மழுங்கலாக இருந்தால் சதை கிழிந்து சிப்பியே செத்துப்போகவும் கூடும்.

கடையிலேயே சோதிக்கும் முறை

முதலில் வெளிச்சம். விளிம்பை மேல் நோக்கி விளக்கடியில் பிடித்துப் பாருங்கள். கூர்மையான விளிம்பு மின்னாது. மழுங்கிய இடம் வெள்ளைப் புள்ளியாகவோ கோடாகவோ பளிச்சிடும்.

இரண்டாவது, பிளாஸ்டிக் பேனா. பேனாவைச் சாய்வாக மேஜையில் ஊன்றி, கத்தியை அழுத்தாமல் அதன்மேல் வையுங்கள். கூர்மையான விளிம்பு பிடித்து நிற்கும், மழுங்கியது வழுக்கும். கட்டைவிரலை விளிம்பின் நீளத்துக்கு இழுத்துப் பார்க்கும் பழக்கத்தை நாமும் விட வேண்டும், வாடிக்கையாளரையும் தடுக்க வேண்டும்.

மூன்றாவது, நம் தராசு. கனமான சிறு டப்பாவின் வாயில் மெல்லிய தங்கூஸ் நரம்பை இழுத்துக் கட்டி, எலெக்ட்ரானிக் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். கத்தியை அறுக்காமல், நேராக, மெதுவாக நரம்பின் நடுவில் அழுத்துங்கள். நரம்பு அறும்போது தராசு காட்டும் கிராமை இன்னொருவர் குறித்துக்கொள்ளட்டும். கிராம் குறைந்தால் கூர்மை அதிகம். ஒவ்வொரு முறையும் அதே நரம்பு, அதே இழுப்பு இருக்க வேண்டும். மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். பிடிப்பில் பொருத்திய புதுச் சவர பிளேடையும் இப்படியே சோதித்தால் ஒப்பிட ஓர் அளவு கிடைக்கும்.

பிறகு அதே கத்தியால் பழைய அட்டைப் பெட்டியை ஐம்பது முறை அறுத்துவிட்டு, மறுபடியும் தராசில் பாருங்கள். கிராம் கொஞ்சம் ஏறினால் நல்ல சரக்கு. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறினால், பிரதிநிதி எவ்வளவு இனிக்கப் பேசினாலும் ஆர்டர் கொடுக்காதீர்கள். டஜனுக்கு ஒன்று சோதித்தால் போதும். அந்த ஒரு கத்தியைக் கடை உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

நம் கடற்கரைக்கு ஒரு வார்த்தை. உப்புக் காற்றில் மெல்லிய விளிம்புதான் முதலில் துருவால் கெடும். வெட்டாமலேயே கூர்மை போய்விடும். கிடங்கில் இருக்கும் கத்திகளுக்கு எண்ணெய் தடவிக் காகிதம் சுற்றி வையுங்கள். சாணை பிடிக்கும்போது விளிம்பில் நீலம் பாய்ந்தால் சூட்டில் பதம் போய்விட்டது என்று பொருள். அதை விற்கக் கூடாது.

மீன் வெட்டும் அம்மாவுக்கு அந்தக் கத்திதான் அன்றைய கூலி. அரிசிக்கு எடை பார்த்துக் கொடுக்கும் நாம், கத்திக்கும் கூர்மை பார்த்துக் கொடுப்போமாக.