குருத்தெலும்பு உயிரணு வளர்ச்சி

குருத்தெலும்பு உயிரணு வளர்ச்சி என்பது குருத்தெலும்பில் உள்ள உயிரணுக்கள் பெருகி, முதிர்ந்து, தம்மைச் சுற்றிக் கொலாசன் முதலிய பொருள்களை உருவாக்கும் நிகழ்வாகும். இதனை இரு வகைச் சைகைகள் நெறிப்படுத்துகின்றன. ஒன்று, வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்கள். மற்றொன்று, அழுத்தத்தை உணர்ந்து திறக்கும் கால்சியம் கால்வாய்கள். ஒரு குழந்தையின் உயரமும் முதியவரின் முழங்கால் நலமும் இவ்விரண்டின் சமநிலையைப் பொறுத்தவை.

பின்னணி

வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளின் முனைகளில் வளர்ச்சித் தட்டு என்னும் குருத்தெலும்புப் படலம் உள்ளது. அங்குள்ள உயிரணுக்கள் பெருகிப் பருத்த பின், அவ்விடத்தில் எலும்பு உருவாகிறது, எலும்பு நீள்கிறது. மூட்டுகளில் உள்ள குருத்தெலும்பு வாழ்நாள் முழுவதும் நிலைப்பது. அதில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் இல்லை. ஆகவே ஒருமுறை தேய்ந்தால் அது தானாகச் சீராவது அரிது.

வளர்ச்சிக் காரணிகள்

கனிமம் நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கே புதிய எலும்பு உருவாவதை 1965-இல் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் அறிவித்தார். தில்லிப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஹரி ரெட்டி, நோபல் பரிசு பெற்ற சார்லசு ஹக்கின்சுடன் இணைந்து 1972-இல் இதன் படிநிலைகளை விளக்கினார். அத்தகைய எலும்புத் தூளை எலியின் தோலுக்கடியில் வைத்தபோது முதலில் தோன்றியது குருத்தெலும்பே. எலும்பும் மச்சையும் அதன் பின்னரே உருவாயின.

1981-இல் டி. கே. சம்பத்தும் ரெட்டியும் அத்தூளிலிருந்து கரையும் புரதங்களைப் பிரித்தெடுத்தனர். புரதங்களோ எஞ்சிய கொலாசனோ தனியாக எலும்பை உருவாக்கவில்லை. இரண்டையும் மீண்டும் சேர்த்தபோது உருவாயிற்று. எலும்பு உருவாக்கப் புரதங்களைத் தனித்தறிய இம்முறை வழிவகுத்தது. இவை டிஜிஎஃப்-பீட்டா பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை.

எல்லாச் சைகைகளும் வளர்ச்சியைத் தூண்டுவதில்லை. எஃப்ஜிஎஃப் காரணிகளை ஏற்கும் எஃப்ஜிஎஃப்ஆர்3 என்னும் ஏற்பி, வளர்ச்சித் தட்டில் தடையாகச் செயல்படுகிறது. மரபணு மாற்றத்தால் இத்தடை மிகுவதே அகோன்ட்ரோபிளாசியா என்னும் குள்ளத்தன்மைக்குக் காரணம் என 1994-இல் கண்டறியப்பட்டது.

கால்சியம் கால்வாய்கள்

உயிரணுவின் வெளியே கால்சியம் அயனிகளின் செறிவு உள்ளே இருப்பதைப் போல ஏறத்தாழ 10,000 மடங்கு. எனவே படலத்தில் உள்ள கால்வாய் சிறிது நேரம் திறந்தாலே கால்சியம் உள்ளே பாய்ந்து, சைகையாகிறது.

நடத்தல் போன்ற இயல்பான அசைவின்போது டிஆர்பிவி4 என்னும் கால்வாய் செயல்படுகிறது. 2014-இல் வெளியான ஆய்வில், பன்றியின் குருத்தெலும்பு உயிரணுக்களில் இக்கால்வாயைத் தடுத்தபோது, அழுத்தம் கொடுத்தும் புறப்பொருள் கூடவில்லை. அழுத்தமின்றி மருந்தால் அதைத் திறந்தபோது கூடியது. இதன் மரபணுவில் நேரும் சில மாற்றங்கள் பிறவி எலும்புக் குறைபாடுகளை உண்டாக்குகின்றன.

பீசோ1, பீசோ2 ஆகிய கால்வாய்கள் காயம் விளைவிக்கும் அளவிலான அழுத்தத்திற்குத் திறக்கின்றன. அப்போது மிகுதியாகப் புகும் கால்சியம் உயிரணுவைக் கொல்லக்கூடும். பீசோவை 2010-இல் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியன் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இணைந்த செயல்பாடு

டிஜிஎஃப்-பீட்டா சைகை எஸ்மேட் புரதங்கள் வழியாகவும், கால்சியம் கால்மோடுலின் வழியாகவும் உயிரணுக் கருவை எட்டுகின்றன. இரண்டும் சாக்ஸ்9 என்னும் புரதத்தின் செயலைக் கூட்டுகின்றன. இரண்டாம் வகைக் கொலாசனை உருவாக்கும் மரபணுவை இயக்குவது இப்புரதமே. நெடுநாள் அசைவின்றி இருப்போரின் மூட்டுக் குருத்தெலும்பு மெலிவது, வேதிச் சைகை மட்டும் போதாது என்பதைக் காட்டுகிறது.

மருத்துவப் பயன்

அகோன்ட்ரோபிளாசியா உள்ள குழந்தைகளுக்கான வோசோரிடைடு மருந்து 2021-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. இது எஃப்ஜிஎஃப்ஆர்3-இன் தடையைத் தளர்த்துகிறது. வளர்ச்சித் தட்டு மூடும்வரையே பயன்தரும்.

முழங்கால் தேய்மானத்திற்கு எஃப்ஜிஎஃப்18-இன் ஒரு வடிவமான ஸ்ப்ரிஃபெர்மின் ஊசியாகச் சோதிக்கப்பட்டது. 2019-இல் வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டுகளில் குருத்தெலும்பின் தடிமன் மாற்றத்தில் போலி மருந்தை விட 0.05 மில்லிமீட்டர் அளவே வேறுபாடு இருந்தது; வலி குறைவதில் தெளிவான வேறுபாடு இல்லை. குருத்தெலும்பை வளர்ப்பதும் நோயாளியின் வலியைத் தீர்ப்பதும் ஒன்றல்ல என்பதை இச்சோதனை உணர்த்தியது.