கப்பல் கசினோக்களில் கைக்காசுக்கு அறவிடப்படும் விலை

உல்லாசப் பயணக் கப்பலொன்றில் ஏறும் பயணிக்குப் பெரும்பாலும் முதலில் வழங்கப்படுவது ஒரு பிளாஸ்ரிக் அட்டையாகும். அறைக் கதவைத் திறப்பதும், துறைமுகத்தில் இறங்கி மீண்டும் ஏறும்போது அடையாளம் காட்டுவதும், குளிர்பானம் தொடக்கம் நினைவுப் பொருள் வரை வாங்கும் யாவற்றையும் கணக்கில் எழுதுவதும் அந்த அட்டையே. பயணி முன்கூட்டியே ஒப்படைத்த கடனட்டையுடன் அது பிணைக்கப்பட்டிருக்கும். பயணம் முடிவடையும்போது மொத்தத் தொகையும் அக்கடனட்டையில் அறவிடப்படும். காசைக் கையால் தொடாமலே ஒரு வாரகாலம் வாழக்கூடிய மிதக்கும் நகரம் என்று இக்கப்பல்களைக் கூறலாம்.

ஆனால், அந்நகரிலும் காசும் காசுக்கு ஈடான சில்லுகளும் தாராளமாகப் புழங்கும் ஓரிடம் உண்டு. அதுதான் கசினோ. அங்கே காசைப் பெற்றுக்கொள்வதற்கென ஒரு தனி விலை வைக்கப்பட்டுள்ளது. பார்ப்பதற்கு அற்பமாகத் தோன்றும் அந்த விலையை யார் செலுத்துகிறார்கள் என்பதை ஆராய்வோமாயின், அதன் உண்மைத் தன்மை புலப்படும்.

கசினோவுக்கும் எமது வாசகர்களுக்கும் என்ன சம்பந்தம் என்ற வினா எழக்கூடும். எமது வாசகர்களில் கணிசமானோருக்குச் சூதும் வட்டியும் மார்க்கத்தால் விலக்கப்பட்டவை. ஏனையோரிலும் சூதாட்டத்தைப் பெருமைக்குரியதாகக் கருதுவோர் அரிது. ஆயினும், ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழும் எமது உறவினர்கள் வயது முதிர்ந்த பெற்றோரையும் அழைத்துக்கொண்டு மியாமித் துறைமுகத்திலிருந்து கரீபியன் தீவுகளுக்குக் கப்பலில் செல்வது இன்று புதுமையான செய்தியன்று. சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் 2023 ஜூன் மாதத்தில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய எமது துறைமுகங்களுக்கே வந்து சென்றதையும் வாசகர்கள் அறிவர். அத்துடன், ஓர் அறையில் தங்கும் குடும்பத்தினர் அனைவரது அட்டைகளும் பல சமயங்களில் ஒரே கடனட்டையுடன் பிணைக்கப்படுகின்றன. எனவே கசினோவின் பக்கமே தலைவைத்துப் படுக்காத தந்தையின் கடனட்டையில், மகனோ மருமகனோ நள்ளிரவில் பெற்ற பணம் பதிவாகிவிடலாம். இக்கட்டணங்களைப் பற்றி அறிந்திருக்க வேண்டியவர்கள் ஆடுபவர்கள் மட்டுமல்லர்.

கப்பல் கசினோவில் பணத்தைப் பெறுவதற்குப் பிரதானமாக இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, கப்பல் கணக்கிலேயே கடனாகப் பெறுவது. காசாளரிடமோ, மேசையிலோ, ஸ்லொட் இயந்திரத்திலோ தனது அட்டையைக் கொடுத்தால், கேட்ட தொகைக்குச் சில்லுகளோ ஆட்ட மதிப்போ கிடைத்துவிடும். பெரிய நிறுவனங்கள் பல இதற்குப் பொதுவாக 3 முதல் 5 சதவீதம் வரையிலான கட்டணத்தை அறவிடுகின்றன. 'வசதிக் கட்டணம்' என்பது அதற்கு அவை இட்டுள்ள பெயர். இரண்டாவது வழி, கப்பலிலுள்ள ஏ.ரி.எம். இயந்திரம். பல கப்பல்களில் அது கசினோவின் உள்ளேயோ, அதன் வாயிலுக்கு அண்மையிலோ நிறுவப்பட்டிருக்கும். ஒரு தடவை பணம் பெறுவதற்குச் சில டொலர்கள் என்ற நிலையான கட்டணத்தை அவ்வியந்திரம் கழித்துக்கொள்ளும். அட்டையை வழங்கிய வங்கி அறவிடும் கட்டணம் இதற்குப் புறம்பானது.

இவ்விரண்டாவது வழியில் கடனட்டையைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய விடயமொன்று உண்டு. கடனட்டையால் பொருள் வாங்கினால், மாத முடிவில் முழுத் தொகையையும் செலுத்திவிடுவோருக்கு வட்டி கிடையாது. ஆனால் அதே அட்டையால் காசு பெற்றால் அது 'ரொக்க முற்பணம்' என்ற வேறொரு பிரிவில் சேர்க்கப்படுகின்றது. அதற்கெனத் தனிக் கட்டணம் உண்டு. வட்டி விகிதமும் பெரும்பாலும் அதிகம். யாவற்றுக்கும் மேலாக, சலுகைக் காலம் எதுவுமின்றிப் பணம் பெற்ற நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். கொள்வனவுகளை வகைப்படுத்த அட்டை வலையமைப்புகள் நான்கு இலக்கக் குறியீடுகளைப் பயன்படுத்துகின்றன. கப்பல் பயணத்துக்கு 4411, ஏ.ரி.எம். மூலம் பெறும் காசுக்கு 6011, சூதாட்டத்துக்கு 7995 என அவை அமைந்துள்ளன. கப்பல் கணக்கினூடாகப் பெற்ற தொகை முதலாவது குறியீட்டில் பதிவானால் வங்கி அதைச் சாதாரணக் கொள்வனவாகவே கருதும். ஏனைய இரண்டில் ஒன்றாகப் பதிவானால் முற்பண விதிகள் பாயும். எந்தக் குறியீட்டில் பதிவாகின்றது என்பதைத் தீர்மானிப்பவர் பயணி அல்லர். ஊருக்குத் திரும்பிய பின்னர் வரும் வங்கி அறிக்கையிலேயே அவர் அதனை அறிந்துகொள்கிறார்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு இரவுகளில், இரவுக்கு 200 டொலர் வீதம் 800 டொலரை ஒருவர் பெறுகிறார் எனக் கொள்வோம். கப்பல் கணக்கில் 5 சதவீதக் கட்டணத்துடன் பெற்றால் 40 டொலர் செலவாகும். அதே தொகையைக் கடனட்டையால் ஏ.ரி.எம். இயந்திரத்தில் பெறுகிறார் என்போம். இயந்திரக் கட்டணம் தடவைக்கு 6 டொலர், வங்கியின் முற்பணக் கட்டணம் தடவைக்கு 10 டொலர் எனக் கொண்டால் 64 டொலர். ஆண்டுக்கு 29 சதவீதம் என்ற விகிதத்தில் ஒரு மாத வட்டி ஏறத்தாழ 20 டொலர். மொத்தம் 84 டொலர். அதாவது பெற்ற பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். எமது நாட்டு வங்கியின் அட்டையாயின் நாணய மாற்றுச் செலவும் இதனுடன் சேரும். இவை யாவும் ஒரு சில்லைக்கூட மேசையில் வைப்பதற்கு முன்னரே ஏற்படும் இழப்புகள்.

5 சதவீதம் என்பது சூதாட்ட உலகில் எத்தகைய அளவு என்பதையும் நோக்க வேண்டும். இரண்டு பூச்சியங்கள் கொண்ட அமெரிக்க ரூலட் சக்கரத்தில் கசினோவுக்குள்ள சாதகம் 5.26 சதவீதம். ஒரு பூச்சியம் மட்டும் கொண்ட ஐரோப்பியச் சக்கரத்தில் அது 2.70 சதவீதம். 100 டொலரை அமெரிக்கச் சக்கரத்தில் ஒரு தடவை வைத்து ஆடுபவர் சராசரியாக 5 டொலர் 26 சதத்தை இழப்பார். ஆகவே 5 சதவீதக் கட்டணத்துடன் 100 டொலரைப் பெறுபவர், சக்கரம் சுழலும் முன்னரே ஒரு முழு ஆட்டத்துக்கான இழப்பைச் செலுத்திவிட்டே நாற்காலியில் அமர்கிறார். எஞ்சிய சில்லுகளைத் திருப்பிக் கொடுத்தாலும் கட்டணம் திரும்பக் கிடைப்பதில்லை.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. கடனட்டைக் கொடுப்பனவு ஒவ்வொன்றிலும் வங்கிகளுக்கும் அட்டை வலையமைப்புகளுக்கும் ஒரு பங்கு செல்கின்றது. குளிர்பானம் விற்றால் அச்செலவை இலாபத்திலிருந்து ஈடுசெய்யலாம். காசு கொடுத்தால் இலாபம் எங்கே? பயணி அக்காசுடன் அப்படியே கரையிறங்கிவிடலாம். கட்டணம் இல்லாதிருந்த இடங்களில், அட்டைப் புள்ளிகளைச் சேர்ப்பதற்காகவே பெருந்தொகையைக் கணக்கில் பெற்று, ஆடுவதுபோல் பாவனை செய்து, காசாளரிடம் மாற்றிக்கொண்டு போன சாமர்த்தியசாலிகளும் இருக்கவே செய்தனர். அத்தகையோரைத் தடுப்பதற்குக் கட்டணம் பயன்பட்டது. ஆனால் இன்று அக்கட்டணத்தைப் பெருமளவில் செலுத்துபவர்கள் அவர்கள் அல்லர்.

அப்படியாயின் செலுத்துபவர் யார்? வென்றவர் மீண்டும் பணம் பெற வேண்டிய தேவை இல்லை. அவரது சில்லுகள் அவர் முன்னே இருக்கின்றன. அளவோடு ஆடுபவர் தாம் ஒதுக்கிய தொகை தீர்ந்ததும் எழுந்து சென்றுவிடுவார். இரண்டாவது, மூன்றாவது தடவையாக அட்டையை நீட்டுபவர், பெரும்பாலும், தோற்றதை மீட்டுவிட முடியும் என்று எண்ணுபவரே. தோல்வி பெருகப் பெருக அவர் செலுத்தும் கட்டணமும் பெருகுகின்றது. சேவைக்கான விலை என்ற பெயரைத் தாங்கியிருப்பினும், நடைமுறையில் இது தோற்றவர் மீது விதிக்கப்படும் வரியாகவே அமைகின்றது.

கட்டணம் ஒரு தடையாக அமையுமல்லவா என்று கேட்கலாம். அமைவதில்லை. சதவீதக் கட்டணத்தில் முதல் தடவைக்கும் பத்தாவது தடவைக்கும் வேறுபாடு கிடையாது. ஏ.ரி.எம்.மின் நிலையான கட்டணமோ எதிர்த் திசையில் தள்ளுகின்றது. 40 டொலருக்கு 6 டொலர் கொடுப்பது 15 சதவீதம். 400 டொலருக்கு அது ஒன்றரைச் சதவீதம் மட்டுமே. எனவே கணக்குத் தெரிந்தவரும் ஒரே தடவையில் பெருந்தொகையை எடுக்கவே விரும்புவார். பையில் இருக்கும் தொகை பெரிதானால், ஆட்டத்திலிருந்து எழுவதும் தாமதமாகும்.

உண்மையில் ஆட்டக்காரரைத் தடுத்து நிறுத்துவது கட்டணமன்று, இடைவெளியே. பணம் பெறுவதற்காக எழுந்து வெளியே நடக்க வேண்டியிருப்பின், அந்தச் சில நிமிடங்களில் புத்தி தெளிய வாய்ப்புண்டு. தரையிலுள்ள பல அரசுகள் இதனை உணர்ந்துள்ளன. அவுஸ்திரேலியாவின் விக்ரோரியா மாநிலம் 2012ஆம் ஆண்டில் சூதாட்ட இயந்திரங்கள் உள்ள விடுதிகள், கழகங்களிலிருந்து ஏ.ரி.எம். இயந்திரங்களை அகற்றச் செய்தது. 2010இல் கசினோக்களுக்கு வாயிலைத் திறந்த சிங்கப்பூர், அவற்றின் ஆட்டப் பகுதியில் ஏ.ரி.எம். வைப்பதைச் சட்டத்தால் தடை செய்தது. தனது பிரஜைகளிடமும் நிரந்தர வதிவாளரிடமும் நாளொன்றுக்கு 100 சிங்கப்பூர் டொலர் நுழைவுக் கட்டணம் அறவிட்டு, 2019இல் அதனை 150 டொலராக உயர்த்தியது. பிரித்தானியாவில் 2020 ஏப்ரல் 14 முதல் கடனட்டையால் சூதாடுவது, சில அதிர்ஷ்டலாபச் சீட்டுகள் நீங்கலாக, தடை செய்யப்பட்டது. இந்நாடுகள் எவையும் சூதாட்டத்தைத் தடை செய்யவில்லை. கடனுக்கும் மேசைக்கும் இடையில் சிறிது தூரத்தை ஏற்படுத்தின.

கடலில் அந்தத் தூரம் இல்லாமற்போனது தற்செயலானதன்று. 1938ஆம் ஆண்டில் ரொனி கோர்னேரோ என்பவர் 'ரெக்ஸ்' என்ற கப்பலைக் கலிபோர்னியாவின் சான்டா மொனிக்காக் கரைக்கு அப்பால், மூன்று மைல் எல்லைக்கு வெளியே என்று கூறி நங்கூரமிட்டு, படகுகளில் ஆட்களை ஏற்றிச் சென்று சூதாட வைத்தார். அப்போது அம்மாநிலத்தின் சட்டமா அதிபராக இருந்தவரும், பிற்காலத்தில் அமெரிக்காவின் பிரதம நீதியரசராக விளங்கியவருமான ஏர்ல் வொறன் 1939 ஓகஸ்டில் அக்கப்பலை முடக்க முனைந்தபோது, கப்பலில் இருந்தோர் தீயணைப்புக் குழாய்களால் நீரைப் பாய்ச்சி அதிகாரிகளைப் பல நாட்கள் தடுத்து வைத்திருந்தனர். குடாவின் எல்லை எங்கே தொடங்குகிறது என்பதே நீதிமன்றத்தில் வழக்காயிற்று. பின்னர் 1949இல் அமெரிக்கக் காங்கிரஸ் சூதாட்டக் கப்பல்களுக்கு எதிராகத் தனிச் சட்டமொன்றையே நிறைவேற்றியது. ஆனால் அச்சட்டத்தின் இலக்கு, சூதாட்டத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட கப்பல்கள். நீச்சல் தடாகமும் நாடக மண்டபமும் கொண்டு, பஹாமாஸ் அல்லது பனாமாக் கொடியுடன் தூரதேசம் செல்லும் உல்லாசக் கப்பல் அதற்குள் அகப்படுவதில்லை. பெரும்பாலான துறைமுகங்களில் கசினோ பூட்டப்பட்டிருப்பதும், கரை மறைந்ததும் அது திறக்கப்படுவதும் இதனாலேயே. ஆழ்கடலில் கப்பலை ஆள்வது அதன் கொடிக்குரிய நாட்டின் சட்டம் என்பதே சர்வதேச நியதி.

முறைப்பாடு செய்ய விரும்புவோரின் நிலையும் இலகுவானதன்று. பயணச்சீட்டின் பின்னால் சிறிய எழுத்தில் உள்ள நிபந்தனைகளில், வழக்கைக் குறிப்பிட்ட ஓரிடத்திலேயே தொடர வேண்டும் என்ற விதி காணப்படும். கப்பலில் விழுந்து காயமுற்ற வாஷிங்டன் மாநிலப் பெண்மணி ஒருவர் கார்னிவல் நிறுவனத்துக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கில், புளோரிடாவில் மட்டுமே வழக்காடலாம் என்ற அத்தகைய விதி செல்லுபடியாகும் என அமெரிக்க உயர் நீதிமன்றம் 1991ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. காயத்துக்கே அந்நிலை எனின், 40 டொலர் கட்டணத்துக்காக எவர் மியாமிக்குச் செல்வார்?

ஆதலால் குடும்பத்துடன் பயணம் செய்வோர் செய்யக்கூடியவை பெரும்பாலும் முதல் நாளிலேயே செய்ய வேண்டியவை. கப்பலின் வரவேற்பு மேசையில், தமது கணக்குடன் பிணைக்கப்பட்ட ஏனையோரின் அட்டைகளுக்கு உச்சவரம்பு விதிக்குமாறோ, கசினோவில் கணக்கெழுதும் வசதியை நிறுத்துமாறோ கேட்கலாம். கரையில் செலவிடவும் பணியாளருக்கு அன்பளிப்பு வழங்கவும் தேவையான சிறு நோட்டுகளைப் புறப்படுமுன் தமது வங்கியிலேயே பெற்றுக்கொள்வது, கப்பலின் ஏ.ரி.எம்.மை நாடும் தேவையைத் தவிர்க்கும். கணக்கு விபரத்தை அறையின் தொலைக்காட்சியிலோ கைத்தொலைபேசியிலோ அன்றாடம் பார்க்கும் வசதி இப்போது பல கப்பல்களில் உண்டு. கடைசி இரவிலேனும் அதனை வரிவரியாக வாசித்து, விளங்காத தொகை எதுவும் இருப்பின் கப்பலிலேயே கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை அந்த மேசையின் முன்னால் வரிசை நீளும். இறங்கிய பின்னர் மின்னஞ்சலும் தொலைபேசியும் மட்டுமே எஞ்சும்.