கேட்டே அறியும் நோய்

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் சுற்றுகிறார்கள். மறுநாள் ஒருவர் பாதத்தில் கொப்புளத்தைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வலியே இல்லை. ஆனால் பத்து வருடமாகச் சர்க்கரை உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகணுமா, தானாக ஆறிவிடுமா?

ஓடிப்போகவும் தோன்றாத, சும்மா விடவும் முடியாத இத்தகைய சந்தேகங்களுக்கு ஏற்றது இணையவழி மருத்துவ ஆலோசனை. மொஹாலியின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவை 2019 நவம்பரில் தொடங்கியது. வீட்டிலிருந்தே பேசும் வசதி 2020 ஏப்ரலில், ஊரடங்குக்கு நடுவே வந்தது. செல்போன் எண்ணைப் பதிந்து டோக்கன் வாங்கினால், முறை வந்ததும் மருத்துவர் வீடியோவில் வருவார். கட்டணம் கிடையாது.

தொடாமல் எப்படி நோயைக் கண்டுபிடிப்பது? இங்கிலாந்தில் 80 புறநோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 1975-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. பரிந்துரைக் கடிதத்தைப் படித்து, நோயாளி சொல்வதைக் கேட்டதுமே மருத்துவர்கள் கணித்த நோய், 66 பேருக்குக் கடைசிவரை மாறவில்லை. உடலைப் பரிசோதித்த பிறகு கணிப்பு மாறியது 7 பேருக்கு; ஆய்வகச் சோதனைகளால் மாறியது இன்னொரு 7 பேருக்கு. நோயறிதலின் பெரும்பகுதி பேச்சில்தான் நடக்கிறது. பேச்சுக்குத் தூரம் தடையில்லை.

உடலின் செய்தியும் அலையாக மாறினால் பயணம் போகும். 1905-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஐந்தோவன் என்ற ஆய்வாளர், மருத்துவமனையில் இருந்த நோயாளியின் இதயத் துடிப்பை, தொலைபேசிக் கம்பி வழியாக ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் ஆய்வகத்தில் பதிவு செய்தார்.

வீடியோவுக்கு ஒரு குறை உண்டு. அது ஒவ்வொரு காட்சியையும் முழுதாக அனுப்புவதில்லை. பெரும்பாலும் முந்தைய காட்சியிலிருந்து மாறியதைத்தான் அனுப்புகிறது. சிக்னல் குறைந்தால் நுண்ணிய விவரங்களைக் கழித்துவிடும். புண்ணின் ஓரம் சிவந்திருக்கிறதா, கறுத்திருக்கிறதா என்பது அதில் மங்கிப்போகலாம். பகல் வெளிச்சத்தில் அசையாமல் எடுத்த போட்டோ அதைவிடத் தெளிவு.

அந்தக் கொப்புளத்துக்கு வருவோம். கால் மரத்துப்போகிறதா, இரவில் எரிகிறதா, சீழ் உண்டா, காய்ச்சல் உண்டா என்று மருத்துவர் கேட்பார். நாட்பட்ட சர்க்கரை நரம்புகளைக் கெடுப்பதால், வலியில்லை என்ற பதிலே அவரை எச்சரிக்கும். பாதத்தின் உணர்ச்சியை நைலான் இழையால் தொட்டுத்தான் சோதிக்க முடியும். எனவே "நேரில் வாங்க" என்பார். அந்த ஒரு சொல் காலையே காப்பாற்றலாம்.

2020 மார்ச் 25-இல் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகளும், நேரில் பார்ப்பது அவசியமா என்ற முடிவை மருத்துவரிடமே விடுகின்றன. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்வது போன்றவற்றுக்கு இந்த வழியே வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

இ-சஞ்சீவனியின் இன்னொரு வடிவத்தில், நலவாழ்வு மையத்தின் ஊழியர் நோயாளியின் அருகிலிருந்தே மருத்துவரோடு இணைக்கிறார். ஜவ்வாது மலை போன்ற இடங்களுக்கு இது பெரிய வரம்: ரத்த அழுத்தம் பார்க்க ஒரு கை அங்கேயே இருக்கிறது.

அழைக்கும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது ஆரம்பித்தது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். சின்ன விஷயம்தானே என்று எதையும் விட்டுவிடாதீர்கள். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு நீங்கள் சொல்வதுதான் முதல் பரிசோதனை.